எரியவில்லை என்றார் பாவா

எங்கள் பாவா சத்திராஜு ஆறு மாதமாக ஒரே ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு காலம் தள்ளிக்கொண்டிருந்தார். அந்த வார்த்தை ‘சரி.’

சாப்பிட வாங்க என்றால் சரி. பசியில்லையா என்றால் சரி. ஃபேனை நிறுத்தட்டுமா என்றால் சரி, ஏன் நிறுத்தினாய் என்று அவரே கேட்க வேண்டிய இடத்திலும் சரி. வாசலில் வந்து நின்ற ஒரு சீட்டுக் கம்பெனிக்காரன், கதவு மூடுவதற்குள் மூன்று தடவை சரி வாங்கிக்கொண்டு, இப்படி ஒரு நல்ல மனிதரைத் தன் பிழைப்பில் பார்த்ததில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். நான் போய் அவனைத் துரத்த வேண்டியிருந்தது.

சத்திராஜு என் அக்கா மங்கதாயாருவின் புருஷன். கோதாவரியில் லாஞ்சு என்கிற மோட்டார் படகு ஓட்டியவர். வெள்ளத்திலும் கரை தப்பாமல் பாபிகொண்டலு மலை வரைக்கும் போய்த் திரும்புவார். மலைகளே அவருக்கு ஒதுங்கி வழிவிடும் என்று நான் சொல்வேன், யாரும் மறுத்ததில்லை. நான் ராஜமுந்திரி ஸ்டேஷனில் ரயில் வருகையை மைக்கில் அறிவித்தே ரிடையர் ஆனவன். நான் மைக்கைத் தொட்டு இருமினால் ஆற்றுக்கு அக்கரையில் கொவ்வூரில் படுத்திருக்கும் மாடு எழுந்து நிற்கும். இப்படிப்பட்ட இரண்டு பேர் பாவாவும் மச்சினனுமாக வாய்த்தால் வீடு என்ன பாடுபடும்? எங்கள் பக்கத்தில் அந்த உறவுக்கு மரியாதையே கேலிதான். அவர் என்னைக் காட்டு விலங்கு, வீட்டு விலங்கு எல்லாவற்றின் பெயராலும் கூப்பிட்டு முடித்துவிட்டு, கடைசியில் மீன் வகைகளுக்கு வந்திருந்தார்.

எல்லாம் அவருடைய முதல் சங்கராந்தியில் ஆரம்பித்தது. புது மாப்பிள்ளை வந்தால் கேலி செய்யாமல் விடுவோமா? கார வடைக்குள் பச்சைமிளகாயை அரைத்து அடைத்து அவர் இலையில் மலைபோல் குவித்தேன். ஒரு வடையை முகர்ந்து பார்த்த எங்கள் தெரு நாய் அன்றே ஊரை விட்டுப் போய்விட்டது. மனிதர் ஒவ்வொன்றாக, பேசிக்கொண்டே, பாதிரி மாதிரி சாந்தமாகச் சாப்பிட்டு முடித்து, “இன்னும் இருக்கா?” என்றார். பிறகு நான் ஒரு வடையைத் தின்று ‘அம்மா’ என்று கத்தியது வேறு கதை. அன்றிலிருந்து எங்களுக்குள் பந்தயம்: வலியோ காரமோ, யார் முதலில் ‘அம்மா’ என்கிறானோ அவன் தோற்றான். பல் பிடுங்கினாலும் தேள் கொட்டினாலும் பந்தயம் உண்டு. நாற்பது வருஷமாக நான்தான் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

அக்காவுக்கு மட்டும் ரகசியம் தெரியும். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். “அவர் மொகத்தப் பாக்காதடா நரசிம்மம். அது லாஞ்சு மாதிரி, மேல ஒண்ணும் தெரியாது. கால்விரலப் பாரு. தாங்க முடியலேன்னா உள்ள மடங்கிக்கும்.” பார்த்தேன். உண்மைதான். ஆனாலும் அதைச் சொல்லி ஜெயிக்க மனம் வரவில்லை. அப்படி ஜெயித்தால் அக்கா காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

மாசி மாதத்தில் அக்கா போய்விட்டாள். காலையில் காப்பி போட எழுந்தவள், அடுப்புப் பக்கம் போகவே இல்லை. அன்று பாவா பேச்சை நிறுத்தினார். நான் பேச்சை இரட்டிப்பாக்கினேன். யாராவது ஒருவர் பேச வேண்டுமே. துக்கம் கேட்க வந்தவர்களைக்கூடச் சிரிக்க வைத்து அனுப்பினேன். எனக்கும் அன்றிலிருந்து கண்ணில் ஒரு பொட்டுத் தண்ணீர் வரவில்லை. அதை மட்டும் நான் எங்கும் அறிவிக்கவில்லை.

ஆவணியில் ஆறு செந்நீராக இறங்கியபோது அக்காவின் மாசிகத் திதிக்காகக் கோடிலிங்கால ரேவுப் படித்துறைக்குப் போனோம். படியேறும்போது பாவா பாதியில் நின்றார். கை நெஞ்சில் இருந்தது. முகத்தில் ஒன்றுமில்லை. நான் கீழே பார்த்தேன். ஈரப் படியில் விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன.

“பாவா, நெஞ்சு வலிக்குதா?”

“சரி.”

அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

இதய டாக்டர் ஹிமபிந்து, சின்னப் பெண். பேச்சு மட்டும் மிளகாய் மண்டி வியாபாரி மாதிரி. மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு இதயத்தின் ரத்தக் குழாயைப் பார்க்க வேண்டும், அடைப்பு இருந்தால் அங்கேயே ஸ்டென்ட் வைத்துவிடலாம் என்றாள். பாவாவின் மகள் குவைத்திலிருந்து கிளம்பி வந்துகொண்டிருந்தாள். அதுவரைக்கும் பக்கத்தில் நான்தான். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்திலெல்லாம் பாவா போட்டார். படித்துப் பாருங்கள் என்றதற்கும் சரி.

“சித்தப்பா, நல்லாக் கேளுங்க,” என்று ஹிமபிந்து நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். வயதானவர்கள் எல்லோரும் அவளுக்குச் சித்தப்பாதான். “மணிக்கட்டு நரம்பு ரொம்ப மெல்லிசு. ரத்தக் குழாய்தான், நாம சும்மா நரம்புங்கறோம். உள்ள ஒண்ணு நுழைஞ்சா அது பயந்து இறுக்கிப் பிடிச்சுக்கும். பிடிச்சா விடாது. அதனால மொதல்லயே, இறுக்காம இருக்க ஒரு மருந்து கொடுப்பேன். ரத்தம் உறையாம இருக்கவும் ஒண்ணு. அந்த மொத மருந்து உள்ள போகும்போது கை பூரா தீயா எரியும். கொஞ்ச நேரந்தான். உங்க ரத்தத்தையே ஊசிக்குள்ள இழுத்துக் கலந்து மெல்லமா விடுவேன், எரிச்சல் குறையும். ஆனா எரியும்.”

“சரி.”

“இன்னொண்ணு. நடுவுல கை வலிச்சா ஒடனே சொல்லணும். நரம்பு இறுக்குதுங்கறதுக்கு எனக்கு அந்த வலிதான் மணி. நீங்க மணி அடிக்கலேன்னா எனக்குத் தெரியாது, நான் இழுத்துடுவேன். இறுக்கிப் பிடிச்சிருக்கறப்ப இழுத்தா நரம்பு கிழியும். அப்புறம் கைக்கே ஆபத்து. சொல்வீங்களா?”

“சரி.”

அவள் என்னைப் பார்த்தாள். “இவரு எல்லாத்துக்கும் இப்படித்தானா?”

“நேத்து ஒரு கொசு கடிக்கலாமான்னு கேட்டுது டாக்டரம்மா. அதுக்கும் சரின்னுட்டாரு.”

நர்ஸ் சுவார்த்தம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பாவாவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் ஆறு மாதமாகச் செத்த அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவன் நான். டாக்டர் போனதும் அவர் காதருகே குனிந்தேன்.

“பாவா, அந்த மருந்து தீயா எரியுமாம். முந்தாநாள் ஒரு மல்யுத்தக்காரன் ‘அம்மா’ன்னு கத்தினதுல ஆஸ்பத்திரி ஜன்னலே ஒடஞ்சு போச்சாம். நீயும் கத்தப் போற. நீ கத்தினா நாப்பது வருஷத்துக்கும் சேத்து நான் ஜெயிச்சேன். சம்மதமா?”

மெல்லத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். பார்த்தார் என்று சொல்வது சாதாரணமில்லை. ஆறு மாதமாக அந்தக் கண் என்மேல் பட்டிருக்கிறதே தவிர, பார்க்கவில்லை.

“பாக்கலாம்,” என்றார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. பாக்கலாம்! சரி இல்லாத வேறொரு வார்த்தை! வார்டு முழுக்கப் போய்ச் சொன்னேன். பக்கத்துக் கட்டில்காரரின் கையைப் பிடித்துக் குலுக்கினதில் அவருடைய குளுக்கோஸ் குழாய் கழன்றுவிட்டது. சுவார்த்தம்மா என்னைத் துரத்திக்கொண்டு வந்தாள். நான் என்ன காரியம் செய்துவிட்டேன் என்பது அப்போதும் என் மண்டையில் ஏறவில்லை.

குழாய் விடும் அறைக்குள் என்னை விட மாட்டார்கள். வெளியே நின்று நான் கதவோடு பேசிய பேச்சைத் தாங்க முடியாமல், ஹிமபிந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் டெக்னீஷியன் உட்காரும் அறையில் ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தாள். “வாயத் தொறந்தா வெளிய அனுப்பிடுவேன்.” நான் வாயில் விரலை வைத்துக்கொண்டேன். எதிரே கண்ணாடி, பக்கத்தில் திரைகள், மேசையில் ஒரு மைக். மைக்கைப் பார்த்ததும் என் கை தானாக நீண்டது. டெக்னீஷியன் தட்டிவிட்டான்.

அந்தப் பக்கம் பச்சைத் துணிகளுக்கு நடுவில் பாவாவின் கை மட்டும் தனியாக ஒரு பலகையில் கிடந்தது. யாருடையதோ மாதிரி. எத்தனை வெள்ளத்தில் சக்கரத்தைத் திருப்பிய கை! மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். குட்டிக் குழாயைச் சொருகினார்கள். பிறகு ஹிமபிந்து மருந்து ஊசியை அதில் பொருத்தி, கொஞ்சம் இழுத்தாள். ஊசிக்குள் சிவப்பு சுருண்டு சுருண்டு கலந்தது. மெல்ல உள்ளே விட்டாள். கண்ணாடிக்கு இந்தப் பக்கமும் எல்லாம் கேட்டது.

“சித்தப்பா, இப்ப எரியும். எரியுதா?”

“இல்ல.”

“கொஞ்சங்கூட?”

“இல்ல.”

டெக்னீஷியன் என் பக்கம் திரும்பினான். “நான் வந்ததிலேர்ந்து ஒருத்தரும் இல்லன்னு சொன்னதில்லங்க.”

எனக்கு நெஞ்சு விம்மியது. “தம்பி, அவர் யாருன்னு நெனச்ச? எரியிற லாஞ்சு எஞ்சினைக் கையால தடவிக்கொடுத்துத் தூங்கப் பண்ணினவரு!” என்று ஆரம்பித்து சங்கராந்தி வடைக் கதையையும் சொன்னேன். நாய் ஊரை விட்டுப் போன இடத்தில் இந்தத் தடவை மூன்று நாய்கள் போயின.

திரையில் குழாய் பாம்புக் குட்டி மாதிரி தோள் வழியாகப் போய் இதயத்தைத் தொட்டது. படம் எடுத்தார்கள். ஓரிடத்தில் கிளை நூலாய் மெலிந்திருந்தது. அங்கேதான் ஸ்டென்ட் வைக்க வேண்டும் என்று ஹிமபிந்து அந்தக் குழாயை எடுத்துவிட்டு வேறொன்று போட முனைந்தாள். அது வரவில்லை.

கையை நிறுத்தினாள். மறுபடி, தொட்டாற்போல் இழுத்தாள். வரவில்லை.

“சித்தப்பா, கை வலிக்குதா?”

“இல்ல.”

“இறுக்கிப் பிடிக்கிற மாதிரி?”

“இல்ல.”

“நெஜமா?”

“சரி.”

அவள் சுவார்த்தம்மாவைப் பார்த்தாள். வலி இல்லை என்றால் நரம்பு இறுக்கவில்லை. குழாய்தான் எங்கோ மடங்கியிருக்கும். கொஞ்சம் சுழற்றி இழுத்தால் வந்துவிடும் என்று தனக்குள் சொல்லிக்கொள்வது இங்கே கேட்டது. திரையில் துடிப்பு வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. பாவாவின் முகம் கோதாவரி மாதிரி, மேலே ஒன்றுமில்லை.

நான் கீழே பார்த்தேன்.

பச்சைத் துணி முடிகிற இடத்தில் இரண்டு பாதங்கள். பத்து விரல்களும் உள்ளங்காலுக்குள் புதைந்திருந்தன. அப்படி மடங்கி நான் பார்த்ததே இல்லை.

இந்த மனிதர் தன் கையைக் கிழித்துக்கொள்ளப் போகிறார், என்னிடம் தோற்கக் கூடாது என்பதற்காக. அதற்கும் மேலே ஒன்று தோன்றி, அது இன்னும் குளிராக இருந்தது: தோற்கக் கூடாது என்பதுகூட இல்லை, கிழிந்தால் கிழியட்டும் என்றிருக்கிறாரோ?

டெக்னீஷியன் தட்டுவதற்குள் மைக்கைப் பிடித்துவிட்டேன்.

“டாக்டரம்மா, இழுக்காதீங்க! பொய் சொல்றாரு! கால்விரலப் பாருங்க!”

ஹிமபிந்து பாதங்களைப் பார்த்தாள். கையை எடுத்துவிட்டாள். “சித்தப்பா, என்ன இது? வலிக்குதா இல்லியா?”

“இல்ல.”

“பாவா!” என்றேன். “எல்லாம் நான் பண்ணின வேலை. பந்தயம் வேணாம். நான் தோத்துட்டேன். வலிக்குதுன்னு சொல்லு.”

திரையில் துடிப்பு மட்டும் கீச் கீச்சென்றது.

“பாவா, நான் தோத்துட்டேன்னு சொல்றேன்ல?”

அந்தப் பக்கம் பாவாவின் உதடு அசைந்தது. “கேக்கல.”

“தோத்துட்டேன்!”

“ஸ்டேஷன்ல சொல்ற மாதிரி சொல்லுடா, கெளுத்தி மீனே.”

சுவார்த்தம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் மைக்கை வாய்க்கு நேராக நிமிர்த்தினேன். ரிடையர் ஆன அன்றைக்குப் பிறகு வெளியே வராத குரலை எடுத்தேன்.

“பயணிகளின் கனிவான கவனத்திற்கு. அப்பல நரசிம்மம், பாவா சத்திராஜுவிடம், முதல் சங்கராந்தி தொட்டு இன்று வரை நடந்த எல்லாப் பந்தயங்களிலும் தோற்றுவிட்டார் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம். தோற்றவருக்கு இனி மறுபந்தயம் கிடையாது. பயணிகள் தங்கள் வலிகளைத் தாங்களே சொல்லிவிடும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.”

கொவ்வூரில் மாடுகள் எழுந்து நின்றிருக்கும்.

“வலிக்குதும்மா,” என்றார் பாவா.

மெதுவாகத்தான் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் ஒருவரிடம் நேரம் சொல்கிற மாதிரி.

“எங்க?”

“கை பூரா. மொதல்லேர்ந்தே. அந்த மருந்தும் எரிஞ்சுது.”

“நல்லா இருக்கீங்க ரெண்டு பேரும்!” என்றாள் ஹிமபிந்து. அதற்குப் பிறகு அவள் திட்டவில்லை, நேரமில்லை. வலியும் படபடப்பும் அடங்க ஒரு ஊசி. ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு நரம்பு தளர இன்னும் கொஞ்சம் மருந்து, மறுபடி ரத்தத்தை இழுத்துக் கலந்து, முன்னைவிட மெல்ல. வெதுவெதுப்பான துணியை முழங்கை வரைக்கும் சுற்றினார்கள். பிறகு எல்லோரும் சும்மா நின்றார்கள். ஆஸ்பத்திரியில் அப்படிச் சும்மா நிற்பவர்களை நான் பார்த்ததில்லை. இறுக்கிப் பிடித்த ஒன்றை, அதுவாக விடட்டும் என்று.

“வலிக்குது,” என்றார் பாவா மறுபடி.

“கொறையும் சித்தப்பா.”

“வலிக்குது.”

நான் அவர் பாதங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் சுண்டுவிரல் நிமிர்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக. ஹிமபிந்து இரண்டு விரலால் குழாயைத் தொட்டாள். எண்ணெயில் வழுக்குகிற மாதிரி வந்துவிட்டது. அதைவிட மெல்லிய குழாயை அனுப்பி, ஸ்டென்ட் வைத்து, எல்லாம் முடிந்தது.

முடிந்த பிறகும் அவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஸ்ட்ரெச்சரில் தள்ளிக்கொண்டு வரும்போதும், லிஃப்டிலும். வலிக்குது. வலிக்குது. சத்தமில்லை, முகத்தில் ஒன்றுமில்லை, கண்ணும் காய்ந்திருந்தது. ஹிமபிந்து மணிக்கட்டில் கட்டிய பட்டையைச் சரிபார்த்து, விரலை அழுத்தி, நகத்தில் ரத்தம் ஓடுவதைப் பார்த்தாள்.

“நரம்பு நல்லாத் தொறந்திருக்கு. கை பொழச்சுது. இப்ப வலிக்கக் கூடாதே சித்தப்பா? எங்க வலிக்குது?”

அவர் யோசித்தார். “தெரியல,” என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

சாயங்காலம் சாப்பிடலாம் என்றார்கள். நான் வீட்டுக்குப் போய் சோறு வடித்து நெய் ஊற்றி, ஜாடியின் அடியில் கிடந்த ஆவக்காயைச் சுரண்டிப் போட்டுப் பிசைந்து எடுத்து வந்தேன். போன வருஷக் கோடையில் அக்கா போட்டது. ஆறு மாதமாக நாங்கள் இருவரும் அந்த ஜாடிப் பக்கம் போகவில்லை. சுவார்த்தம்மா டப்பாவை முகர்ந்து பார்த்தாள்.

“இதயத்துல ஸ்டென்ட் வெச்ச ஆளுக்கு ஊறுகாயா? உங்களுக்குப் புத்தி இருக்கா?”

“ஒரு வாய் தாயே, ஒரே ஒரு வாய்.”

“ஒரே வாய்தான். நான் திரும்பி வர்றப்ப டப்பா காலியா இருந்தா, உங்க மணிக்கட்டுல ஓட்டை போட்டுருவேன்.”

பாவாவின் வலது கை பட்டையோடு தலையணைமேல் இருந்தது, மரத்து, பொம்மைக் கை மாதிரி. இடது கையால் சாப்பிட மாட்டார். நான் உருட்டி வாயில் வைத்தேன். நாற்பது வருஷம் திட்டிக்கொண்டவனுக்கு ஊட்டுகிறவனைப் பார்க்கப் பக்கத்துக் கட்டில்காரர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். பாவா மென்றார். வெகுநேரம் மென்றார்.

“எப்படி இருக்கு?”

“காரமே இல்ல.”

“காரம் இல்லியா? அக்கா ஆவக்காயா?”

“ஒண்ணும் தெரியல. மண்ணு மாதிரி இருக்கு.”

ஜாடியின் அடியில் கெட்டுப்போய்விட்டதோ என்று நானும் ஒரு கவளம் எடுத்துப் போட்டுக்கொண்டேன்.

அப்பா! தொண்டையில் ரயில் எஞ்சின் தடம் புரண்டது. காது வழியாகப் புகை வந்ததைச் சுவார்த்தம்மா வராந்தாவிலிருந்தே பார்த்திருப்பாள். கடுகு மூக்கில் ஏறியது, கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்தேன், மறுபடி வந்தது. மேல்துண்டை எடுத்துத் துடைத்தேன். நிற்கவில்லை. ஆறு மாதமாக எங்கேயிருந்தது என்று தெரியாத தண்ணீர் அது. தரையில் கோதாவரி ஓடி, கட்டில்கள் மிதந்தன என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆனால் கொஞ்சம் அப்படித்தான்.

“அழறியாடா?”

“காரம் பாவா.”

“அம்மான்னு சொல்லு.”

“அம்மா,” என்றேன்.

“தோத்த.”

“தோத்துட்டேன்.”

“இன்னொரு வாய் குடு.”

“சிஸ்டர் திட்டுவா.”

“திட்டட்டும். சின்னதா.”

சின்னதாக ஒரு கவளம் உருட்டி வைத்தேன். மென்றார். முகம் அதே முகம், மேலே ஒன்றும் தெரியவில்லை. நான் முகத்தைப் பார்க்கவில்லை. கட்டில் கோடியில் போர்வை சற்று விலகியிருந்தது. விரல்கள் மெல்ல உள்ளே மடங்கிக்கொண்டிருந்தன.

போர்வையை இழுத்து மூடிவிட்டு, டப்பாவையும் மூடினேன்.